செவ்வாய்த் தூசும் ஒரு காந்தமும்

செவ்வாய்க்கு அதிபதி முருகன் என்று திருத்தணி வட்டாரத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாதகத்தில் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றும் கேட்போம். அந்தக் கோளின் மண்ணில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை!

உடைந்த ஒலிபெருக்கியின் காந்தத்தை நூலில் கட்டித் தெருமணலில் இழுத்து, ஒட்டிய கருந்தூளைக் காகிதத்தில் சேர்க்காத சிறுவர் எங்கள் ஆர்.கே.பேட்டையில் உண்டா? 1976இல் செவ்வாயில் இறங்கிய இரு வைக்கிங் கலங்களும் செய்தது ஏறக்குறைய இதே வேலைதான். மண் அள்ளும் கையில் பொருத்திய காந்தம் மண்ணைப் பற்றிக்கொண்டது. கலத்தின் மேற்புறம் இருந்த காந்தத்தில் காற்றில் மிதந்த தூசும் வந்து ஒட்டியது.

சாதாரணச் செந்துரு காந்தத்தில் இலேசில் ஒட்டாது. அப்படியானால் ஒட்டியது எது? 1997இல் பாத்ஃபைண்டர் கலத்தில் வலிமை வேறுபட்ட காந்தங்களை வைத்துப் பார்த்தவர்கள், நீரிலிருந்து படிந்த மேக்ஹமைட்டாக இருக்கலாம் என்றார்கள். 2004இல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் கோபன்ஹேகன் விஞ்ஞானிகளின் காந்தங்களைச் சுமந்து சென்றன. அவற்றில் படிந்த தூசை மாஸ்பவர் கருவி காமாக் கதிரால் சோதித்தது. கிடைத்த விடை மேக்னடைட், நம் சேலம் கஞ்சமலையில் உள்ள அதே தாது! கூடவே ஆலிவினும் இருந்தது. நீரில் நெடுநாள் கிடந்தால் ஆலிவின் சிதைந்துவிடும். ஆகவே அத்தூசு பெரும்பாலும் வறட்சியில் பிறந்தது என்று முடிவு கட்டினர். ஆனால் 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, செவ்வாயின் செந்நிறத்துக்கு நீரோடு உருவாகும் ஃபெரிஹைட்ரைட் காரணம் என்கிறது. வழக்கு இன்னும் தீரவில்லை.

"அங்கே தூசு ஒட்டினால் நமக்கென்னம்மா?" என்று தறியில் படிந்த பஞ்சைத் தட்டியபடியே அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். சூரியத் தகடுகளைத் தூசு மூடியதால் 2022இல் இன்சைட் கலம் ஓய்ந்துபோனது. நம்மூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013இல் கிளம்பிய மங்கள்யான், 2014 முதல் செவ்வாயைச் சுற்றி வந்தது, தரையைத் தொடவில்லை. நாளை நாம் அனுப்பும் கலம் தரையிறங்குமானால் தூசைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும். அதில் ஒரு காந்தமும் செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குள் நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஆய்வகக் காந்தம், டான் ஏ, டான் பி அளவெடுத்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியதும் பெட்டிக்குள் போய்விடுகிறது. பாடத்திட்டத்தில் இல்லையென்றால் அதைத் தொடக் கூடாதா? கொசஸ்தலை ஆற்று மணல், ஏரி வண்டல், வயற்காட்டுச் செம்மண், பேருந்து ஜன்னலில் படியும் தூசு என ஒவ்வொன்றிலும் காந்தத்தில் ஒட்டுவது நூறு கிராமுக்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கலாமே! தராசு இருக்கிறது, காகிதம் நானே கொண்டுவருகிறேன். பெட்டியின் சாவி கிடைத்தால் அடுத்த ஆண்டு மலருக்கு அந்தக் கணக்கைத் தருகிறேன்.