வரி கேட்டா மட்டுமில்ல, வரிசை கெட்டாலும் கோவம் வரும்

நமக்கு ஊர் பாஞ்சாலங்குறிச்சி. பேரைச் சொன்னதுமே "ஆஹா, வரி கேட்டா கோவம் வருமே"ன்னு சிரிப்பாங்க. இந்தப் பதிவு வரியைப் பத்தி இல்ல மக்களே, வரிசையைப் பத்தி.

போன மாசம் ஒரு இடத்துல பயனாளிகள் பட்டியல் ஒட்டியிருந்தாங்க. எங்க பெரியம்மா அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போய் நின்னு தேடியிருக்காங்க. கமலா இருக்கு, கலா இருக்கு, அதுக்குக் கீழ வரவேண்டிய கனகம் இல்ல. "எம்பேரு விட்டுப்போச்சுய்யா"ன்னு திரும்பி வந்துட்டாங்க. நான் போய்ப் பாத்தா பேரு இருக்கு, கமலாவுக்கு மேல! பெரியம்மா தேடினது சரி. அரிச்சுவடி தெரியாதது கம்ப்யூட்டருக்குத்தான்.

இதை நம்ம நிரலாளர் நண்பர்கள்கிட்ட சொன்னா உடனே வேகத்தைப் பத்திப் பாடம் எடுப்பாங்க. 1961-ல ஹோர் வெளியிட்ட குவிக்சார்ட், 2002-ல டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதின டிம்சார்ட்... ஒத்துக்கறேன் சாமி. ஒரு லட்சம் பேரை பபுள் சார்ட்ல அடுக்கினா சுமார் 500 கோடி ஒப்பீடு ஆகும். நல்ல முறையில போனா 17 லட்சம் பக்கத்துல முடிஞ்சிடும். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனா தப்பான வரிசையை 17 லட்சம் ஒப்பீட்டுல முடிச்சா அதுக்குப் பேரு திறமையா? வேகமா பண்ணின தப்பு, அவ்வளவுதான்.

எங்க தப்பு நடக்குது? யூனிக்கோடுல தமிழ் எழுத்துக்களோட இடம் 1988-ம் வருஷ இஸ்கி அடுக்கிலிருந்து வந்தது. அது தேவநாகரியை ஒட்டிப் போட்ட அடுக்கு. அதனால ந-வுக்குப் பக்கத்துல ன, ர-வுக்குப் பக்கத்துல ற, வ-வுக்கு முன்னாடியே ள, ழ. வெறும் எண்ணை மட்டும் பாத்து அடுக்குற நிரல்கிட்ட கயத்தாறு, கழுகுமலை, கன்னியாகுமரி மூணையும் கொடுத்துப் பாருங்க. நாட்டோட தென்கோடியில இருக்கற கன்னியாகுமரி முதல்ல வந்து நிக்கும். பாவூர்சத்திரத்துக்கு முன்னாடி பாளையங்கோட்டை வரும்.

உடனே ஒரு கூட்டம் "யூனிக்கோடே சதி"ன்னு கிளம்பும். 2010-ல தமிழக அரசு டேஸ்-16 குறியேற்றத்தையும் தரமா அறிவிச்சுது. அதுல எழுத்துக்கள் அகராதி வரிசையிலேயே இருக்கு, நல்ல விஷயம்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஆங்கிலத்துல எண்படி அடுக்கினா பெரிய 'இசட்'டுக்கு அப்புறம்தான் சின்ன 'ஏ' வரும். அதுக்காக யாராச்சும் குறியேற்றத்தை மாத்தச் சொன்னாங்களா? ஒப்பிடுற விதத்தை மாத்திக்கிட்டாங்க. நாம ஏன் மாத்திக்கல?

எங்க தூத்துக்குடிக் கரையில முத்தை எப்படித் தரம் பிரிச்சாங்கன்னு தெரியுமா? பத்து பித்தளைச் சல்லடை. முதல் சல்லடையில 20 ஓட்டை, கடைசியில 1000. எந்தச் சல்லடையில எந்த முத்து நிக்குதோ அதுதான் அதோட அளவு. கம்ப்யூட்டர்காரங்க பக்கெட் சார்ட்னு சொல்றது கிட்டத்தட்ட இதுதான். சல்லடையை எவ்வளவு வேகமா வேணா ஆட்டலாம். ஆனா ஓட்டையோட அளவு தப்பா இருந்தா, ஆட்டுற வேகத்துக்கு என்ன மரியாதை?

"எழுத்து எழுத்தா பிரிச்சுப் பாத்தா மெதுவாயிடுமே"ங்கறது அடுத்த சாக்கு. ஒவ்வொரு ஒப்பீட்டுலயும் பிரிச்சா மெதுவாகத்தான் செய்யும். 17 லட்சம் ஒப்பீடு, தடவைக்கு ரெண்டு பேரு, ஆக 34 லட்சம் தடவை பிரிக்கணும். அதுக்குப் பதிலா ஒவ்வொரு பேருக்கும் ஒரே ஒரு தடவை வரிசைச் சாவி செஞ்சு வச்சுக்கோங்க. ஒரு லட்சம் தடவையில வேலை முடிஞ்சுது, மிச்சமெல்லாம் வெறும் எண் ஒப்பீடு. பைத்தான் சார்ட்ல 'கீ'ன்னு ஒரு வசதி இதுக்காகவே இருக்கு. அதுவும் கஷ்டம்னா ஐசியூ நூலகம் தமிழ் வரிசையோட தயாரா, இலவசமா கிடைக்குது. ஜாவாஸ்கிரிப்ட்ல கொலேட்டருக்கு 'தமிழ்'னு மொழியைச் சொன்னாப் போதும், ஒரு வரி வேலை.

இதுல இன்னொரு லாபமும் உண்டு. 'கொற்கை'யில வர்ற 'கொ'வோட உயிர்க்குறியை ஒரே குறியாவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் சேமிக்கலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். எண்ணை மட்டும் பாக்கற நிரலுக்கு அது ரெண்டு வேற ஊர். முறையா சாவி செஞ்சா இந்தத் தொல்லையும் ஒழிஞ்சிடும்.

"தேடுபெட்டி இருக்கறப்ப வரிசை எதுக்கு?"ன்னு கேப்பீங்க. சுவத்துல ஒட்டின காகிதத்துல தேடுபெட்டி ஏதுங்க? அங்க எங்க பெரியம்மாவுக்குத் துணை, அஞ்சாப்புல மனப்பாடம் பண்ணின அரிச்சுவடி மட்டும்தான். ஒரு வரி நிரல் எழுத நாம சோம்பேறித்தனப்பட்டா, அவங்க படிச்ச படிப்பைப் பொய்யாக்குறோம்னு அர்த்தம்.

டிஸ்கி: அடுத்தவனைத் திட்டுறதுக்கு முன்னாடி என் பதிவோட குறிச்சொல் பட்டியலைப் பாத்தேன். 'மனம்' முதல்ல, 'மழை' கடைசியில. ஹிஹி... சரி பண்ணிட்டேன். நீங்களும் உங்க வீட்டை ஒருதடவை பாத்துக்கோங்க.