படுக்கைப் புண்ணும் பாதி வைத்தியமும்

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்டவர், வைக்கோல் லோடு மேலிருந்து சறுக்கியவர்... தஞ்சாவூர்ப் பக்கம் முதுகுத்தண்டு உடைந்தவர்களின் கதை இப்படித்தான் தொடங்கும். உயிர் தப்பியதே பெரிது என்று ஊர் நிம்மதி அடையும். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவருக்கு அடுத்த எதிரி அவர் படுத்திருக்கும் கட்டில்தான்.

மற்றவர்கள் தூக்கத்தில்கூடப் புரண்டு படுப்பார்கள். இவருக்கோ அழுந்துகிற இடம் வலிக்காது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அழுகிப்போகும். மேலே சின்னதாகத் தெரியும் புண், உள்ளே எலும்பு வரை போயிருக்கும்.

அந்த அளவுக்குப் போன பிறகு வெறும் மருந்துக்கட்டு பெரும்பாலும் போதாது. செத்த சதையை வெட்டி எடுத்து, கெட்டுப்போன எலும்பைச் செதுக்கி, பக்கத்துச் சதையைத் தோலோடும் ரத்தக்குழாயோடும் திருப்பி வைத்துக் குழியை மூடுகிறார்கள். முதுகின் அடிப்பகுதிக்குப் புட்டத்துச் சதை, உட்காரும் எலும்புக்குத் தொடையின் பின்சதை. பிறகு சில வாரங்கள் அந்த இடத்தில் பாரமே படக்கூடாது.

"திரும்ப வரத்தானே போகிறது, எதற்கு ஆபரேஷன்?" என்று சிலர் கேட்பதுண்டு. அது தவறு. விட்டுவிட்டால் சீழ் ரத்தத்தில் கலந்து உயிரையே எடுத்துவிடும். ஆனால் திரும்ப வருவதும் உண்மைதான். காரணம் கத்தியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. சம்பா நடவு நேரத்தில் மனைவி வயலுக்குப் போனால் மத்தியானம் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்?

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் ராப்பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்தார். வேலூரில், 1954 விபத்தில் தானே கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே இப்படிப்பட்டவர்களின் மறுவாழ்வுக்கு வழி காட்டினார். ஆகவே இது தெரியாத வித்தை அல்ல.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அதே வழியில் தண்டுவடம் அடிபட்டவரின் தோலையும் பார்த்துவிட்டு வரலாமே! காற்று மெத்தை, கண்ணாடி வைத்துப் புண் பார்க்கும் பழக்கம், குடும்பத்துக்குப் பயிற்சி இவையெல்லாம் ஆபரேஷனின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

ஆற்றில் உடைப்பை அடைத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்த் தூங்குவதில்லை. வெள்ளம் வடியும் வரை கரையில் காவல் இருக்கும். அந்தக் காவல் இந்தக் கட்டிலுக்கும் வேண்டும்.