பத்மினியா, அம்பாசடரா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவின் 1984 பிரீமியர் பத்மினியும் பெரியப்பாவின் 1994 அம்பாசடரும் கொல்லைக் கொட்டகையில் நிற்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப்போவதால் இனி ஒரு வண்டிக்குத்தான் இடம். அண்ணனோ, ‘ரெண்டையும் பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்கிறாராம். எதை வைத்துக்கொள்வது?

அண்ணனை முதலில் ஒதுக்கிவிடுவோம்.

ஓட்டும் சுகம் என்று பார்த்தால் பத்மினிதான். இத்தாலியின் ஃபியட் 1100 காரைத்தான் மும்பை குர்லாவில் அந்தப் பெயரில் தயாரித்தார்கள். 1089 சிசி என்ஜின், சுமார் 40 குதிரைத்திறன். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் எடை 900 கிலோவுக்குள் அடங்கிவிடுவதால், ரெண்டு பேர் போகும்போது சுறுசுறுப்பாக ஓடும். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர். பழகிவிட்டால் கை தானாகப் போகும். ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறச் சொன்னால்தான் மூச்சு வாங்கும். சித்திரை வெயிலில் நெரிசலில் மாட்டினால் எரிபொருள் பம்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோவதும் உண்டு. அந்தக் கால டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான்.

அம்பாசடர் வேறு ரகம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சம். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரானது. எடை 1,000 கிலோவைத் தாண்டும். பழைய 1489 சிசி என்ஜின் என்றால் நானே தயங்குவேன். வாசகியின் வண்டியில் இருப்பது 1817 சிசி இசுசு பெட்ரோல் என்ஜின், 5 கியர். அது பெரிய வித்தியாசம். பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்கார்ந்து, டிக்கி நிறையச் சாமான்களோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்வரலாம். ஸ்டீயரிங் கொஞ்சம் கனம்தான்.

செலவு எங்கே பிரிகிறது என்றால், உதிரி பாகத்தில். பத்மினி உற்பத்தி 2000 வாக்கில் நின்றுவிட்டது. மும்பையில் கடைசிவரை ஓடிய பத்மினி டாக்ஸிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றன. அம்பாசடர் 2014 வரை வந்ததால், சாமான் கிடைப்பதும் கைபழகிய மெக்கானிக் கிடைப்பதும் சுலபம்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி, 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அது அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைப்பதை விட, பத்து கிலோமீட்டர் ஓட்டுவது மேல்.

ஆறு பேர் உள்ள அந்த வீட்டுக்கு நான் அம்பாசடரைத்தான் சொல்வேன். அப்பா ஓட்டிய வண்டியை விடச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் ஒரு விதிவிலக்கு. ஒரு டிங்கரை அழைத்து, இரண்டிலும் தரைவிரிப்பைத் தூக்கி அடித்தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினைப் போரிங் செய்து மீட்கலாம். துருப்பிடித்த தரைக்குச் செலவு செய்து மாளாது. அம்பாசடர் தரை ஓட்டையாக இருந்து பத்மினி கெட்டியாக இருந்தால், யோசிக்காமல் பத்மினியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்குமே 50 வயது ஆகவில்லை. வின்டேஜ் பதிவு கிடைக்காது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். டிங்கரைக் கூப்பிடுவதற்கு முன்னால், இரண்டு ஆர்.சி.யும் எங்கே, யார் பெயரில் இருக்கின்றன என்று பீரோவில் தேடிவிடுங்கள்.