பளபளன்னு இருந்தா கரண்ட் கூடுமா?

அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று போன வாரம் எங்கள் வகுப்பில் பேசினோம். தொழிற்சாலைக் கழிவிலிருந்து பூச்சு தயாரித்து சோலார் தகட்டில் பூசினால் கரண்ட் கூடும் என்று ஒருத்தி படித்துவிட்டு வந்து சொன்னாள். அது உண்மைதான். உடனே ஒருவன் எழுந்து, "நம்ம ஊருல கழிவுக்கா பஞ்சம்? பயராபீஸ் பின்னாடி கிடக்குற கழிவு மருந்துல அலுமினியப் பவுடர் இருக்கும். பூசினா பளபளன்னு இருக்கும்" என்றான். பாதிப் பேர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

பளபளப்பு என்றால் என்ன? வெளிச்சம் உள்ளே போகாமல் திரும்பி வருவது. தகட்டுக்கு வேண்டியதோ நேர் எதிர். சாதாரணக் கண்ணாடியின் மேல்பரப்பில் 100 பங்கு வெளிச்சம் பட்டால் 4 பங்கு திரும்பிப் போய்விடும். அதைக் குறைக்கத்தான் பூச்சு. அது நுண்துளை உள்ள சிலிகா. கனம் மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதனால் 2, 3 பங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகும். அலுமினியப் பவுடரைப் பூசினால் தகட்டுக்குக் குடை பிடித்த மாதிரிதான்.

அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. நைட்ரேட் உப்பு கலந்த அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். கழிவு மருந்தில் எது எதோடு கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எங்க அம்மா வேலை முடிஞ்சு வந்தா, கை கால் கழுவி சேலை மாத்தின பிறகுதான் தம்பியைத் தூக்குவாங்க. அதைப் போய் நாம் பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வருவதா? "கொஞ்சம்தானே" என்கிறான். மருந்து விஷயத்தில் நம்ம ஊர்க்காரன் சொல்லும் வார்த்தையா அது?

கழிவுதான் வேண்டுமென்றால் அரிசி மில்லில் உமிச் சாம்பல் கிடைக்கும். 100 கிலோ உமியை எரித்தால் சுமார் 20 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு போல சிலிகாதான். காஸ்டிக் சோடா கரைசலில் கொதிக்க வைத்து, வடிகட்டி, அமிலம் விட்டால் சிலிகா கூழாகப் பிரியும். (காஸ்டிக் சோடா கையைப் புண்ணாக்கிவிடும். டீச்சர்தான் செய்து காட்ட வேண்டும்.) அனல் மின் நிலையத்துச் சாம்பலிலும் சிலிகா உண்டு, ஆனால் மற்றவை அதிகம் கலந்திருப்பதால் பிரிப்பது கஷ்டம்.

ஆனால் அந்தக் கூழை அவ்வளவு மெல்லிசாகப் பூச நம்மால் முடியாது. நம்மால் முடிந்தது தூசியைத் துடைப்பது. மழை குறைவு என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் நம்ம பக்கம் வளர்ந்தன. அதே காரணத்தால் தகட்டில் படியும் கரிசல் தூசியைக் கழுவ மழையும் வருவதில்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் சுமார் 25 லட்சம் தகடுகள். அவற்றைத் தினமும் சுத்தம் செய்யவே ரோபோக்களை வைத்தார்கள். 2, 3 பங்கு பூச்சில் ஏறியதைத் தூசி தின்றுவிட்டால் என்ன லாபம்?

அதனால் என் யோசனை இது. ஒரு பாட்டிலில் சிலிகாக் கூழ். பக்கத்தில் இரண்டு சின்னத் தகடுகள். இரண்டும் ஒரு மாதம் மாடியில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் தினமும் துடைப்போம். மதியம் 12 மணிக்கு இரண்டிலும் கரண்ட் அளந்து நோட்டில் எழுதுவோம். அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். பவுடர் கொண்டு வருகிறேன் என்றவனின் மாமா டிவி மெக்கானிக். அவன் அதைக் கேட்டு வாங்கி வரட்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி