கபடியும் எடைக் கணக்கும்

சடுகுடு என்று தோட்டப்புறங்களில் ஆடப்பெற்ற கபடி, 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாயிற்று. பெருமைதான். ஆயினும், அஃது உடலோடு உடல் மோதும் ஆட்டம். பாடிச் செல்பவன் ஒருவன். மடக்க நிற்போர் எழுவர். கணுக்காலைப் பற்றி இழுக்கையில் முழங்கால் திருகும்; பலர் மேலே விழுகையில் தோளும் கழுத்தும் அப்பாரத்தைத் தாங்க வேண்டும்.

வளர்ந்த ஆடவர்க்கே அனைத்துலகப் போட்டிகளில் 85 கிலோ எடை வரம்பு உண்டு. நம் சிறுவரையோ பெரும்பாலும் வயதை மட்டும் பார்த்து அணி பிரிக்கிறோம். ஆறாம் ஆண்டு வகுப்பில் 25 கிலோ மாணவனும் 50 கிலோ மாணவனும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். இவ்விருவரையும் எதிரெதிரே மோத விடுவது முறையாகுமா? கொழுந்தை நிறுக்காமல் ஏற்றுக்கொள்ளாத தோட்டத்தில் வாழும் நாம், பிள்ளைகளை நிறுக்கத் தயங்குவானேன்? பள்ளியில் உள்ள எடைப்பொறியே போதும், செலவும் இல்லை.

ஆட்டத்தையே நிறுத்திவிட வேண்டும் என்னும் பெற்றோரும் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. முதல் இரு வாரங்கள் விழும் முறையை மட்டும் பயிற்றுவித்தல் வேண்டும். கையை ஊன்றாது, முகவாயை மார்போடு சேர்த்து, தோள்புறமாக உருளக் கற்றவன் பிறகு பிடிக்கக் கற்கட்டும். கேமரன் மலைக் குளிரில் காலை வேளையில் தசைகள் இறுகியிருக்குமாதலால், உடல் சூடேறும்வரை ஓடிய பின்னரே ஆடுகளத்தில் இறங்க வேண்டும். மழை பெய்த நாளில் வழுக்கும் திடலை விட்டுச் சதுரங்கம் ஆடலாம்.