போயா தின மன்னிப்பும் பௌத்தத்தின் கருணையும்

வெசாக், பொசன் பௌர்ணமி தினங்களை முன்னிட்டுச் சிறைக் கைதிகளுக்குப் பொது மன்னிப்பு வழங்குவது எமது நாட்டில் நெடுங்கால வழக்கமாகும். தண்டப்பணம் செலுத்த வழியின்றிச் சிறைப்பட்ட ஏழைகள் பலர் அன்றைய தினம் வீடு திரும்புகின்றனர். பௌத்தம் போற்றும் கருணை அரச நிர்வாகத்துக்குள் நுழையும் அரிய வாசல்களில் இதுவும் ஒன்று என்பதனால் இவ்வழக்கத்தை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் அவ்வாசல் யார் யாருக்காகத் திறக்கப்பட்டு வந்துள்ளது என்பது ஆராயப்பட வேண்டியதே.

2021 ஜூன் 24 ஆம் திகதி பொசன் போயா தினமாகும். வேட்டையாடச் சென்ற தேவநம்பியதீச மன்னனை மகிந்த தேரர் மிகிந்தலையில் சந்தித்துத் தர்மத்தைப் போதித்ததாகக் கூறப்படும் நாள் அது. அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 93 கைதிகளை விடுவித்தார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நீண்டகாலம் சிறையிலிருந்த 16 பேரும் அவர்களுள் அடங்குவர். தமிழ் மக்கள் அதனை ஆறுதலுடன் நோக்கினர். ஆனால் அதே நாளில், பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் விடுதலையானார். அந்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது.

அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்தது எம்மவர் நெஞ்சில் இன்றும் ஆறாத வடு. 2000 டிசம்பரில் மிருசுவிலில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்டனர். அவ்வழக்கில் 2015 இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாயின் மேன்முறையீட்டை 2019 இல் உயர் நீதிமன்றமும் நிராகரித்திருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் அவர் சுதந்திர மனிதராக வெளியேறினார். அவர் தூக்கிலிடப்பட வேண்டும் என்று நாம் கோரவில்லை. 1976 க்குப் பின் எவரையும் தூக்கிலிடாத நாடு இது. அந்நிலை தொடர்வதே பஞ்சசீலத்தின் முதற் சீலத்துக்கும் உகந்தது. ஆனால் உயிரைப் பறிக்காதிருத்தல் வேறு, குற்றத்தை இல்லாததாக்குதல் வேறு.

பௌத்தம் இந்த வேறுபாட்டை நன்கறியும். அங்குலிமாலன் என்ற கொலைஞனைப் புத்தர் ஏற்றுக்கொண்டது அவன் வாளை எறிந்த பின்னரே. துறவியான பின்னரும் பிச்சைக்குச் சென்ற வீதிகளில் அவன் கல்லடி பட்டான். அதனைத் தன் வினையின் பயனாகப் பொறுத்துக்கொள்ளுமாறே புத்தர் அவனுக்குக் கூறினார். மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றோடு உபேட்சை எனும் நடுநிலை மனமும் சேர்ந்தே நான்கு உயர் பண்புகளாகின்றன. விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்கினாலும் தவறான வழியிற் செல்லலாகாது என்பது சிகாலன் என்ற இல்லறத்தானுக்குப் புத்தர் கூறிய அறிவுரை. அத்தவறான வழியைப் பாளி மொழி 'அகதி' என்கின்றது. எமக்கு அச்சொல் தரும் பொருள் வேறு. அந்த அகதி நிலையும் ஆட்சியாளரின் விருப்பு வெறுப்புகளால் விளைந்ததே என்பது தனிக்கதை.

அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் அளித்து, புத்த சாசனத்தைப் பாதுகாப்பதை அரசின் கடமையாக்குகின்றது. மன்னிப்பளிக்கும் அதிகாரத்தை 34 ஆவது உறுப்புரை ஜனாதிபதிக்கு வழங்குகின்றது. மரண தண்டனைக் கைதியாயின் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் பெறப்பட வேண்டும் என்பது அதிலேயே உள்ளது. முதலாவதைப் பற்றி மேடைதோறும் முழங்குவோர் இரண்டாவதன் நிபந்தனைகளை நினைவுகூர்வது அரிது.

ஆட்சி மாறியும் கோளாறு தீரவில்லை. 2025 வெசாக் தினத்தில், ஜனாதிபதி அங்கீகரித்த பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத நிதி மோசடிக் கைதியொருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டதும், அது தொடர்பில் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானதும் நாடறிந்தவை. களவாமையும் பொய்யாமையும் ஓதப்படும் புனித நாளில், அதுவும் புனித நகரில் இது நடந்தது. மன்னிப்புப் பெறுவோரின் பெயர்களையும், ஒவ்வொருவரும் தெரிவானதற்கான காரணத்தையும், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் கருத்து கேட்கப்பட்டதா என்பதையும் விடுதலைக்கு முன்னரே வர்த்தமானியில் வெளியிடுவதற்கு அரசாங்கம் அடுத்த வெசாக் வரை காத்திருக்க வேண்டியதில்லை.