மணி ஒரு சாமான் அல்ல

ஓய்வு பெற்றதும் தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு வீடு மாற்றினோம். எங்கள் மணிக்கு அப்போது பதினோரு வயது, நாட்டு நாய். "பின்னால ஒரு மூலையில கட்டிடலாம் சார்" என்றார்கள் சாமான் ஏற்றியவர்கள். காரில் இடம் இல்லையே என்று நானும் தலையாட்டினேன்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். பீரோவுக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவில் ஒடுங்கி, நாக்கு தொங்க இரைத்துக்கொண்டிருந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் காட்டி, ஈரத் துணியால் துடைத்து, காரில் தன் காலடியில் படுக்க வைத்தாள். அங்கிருந்த பைகள் லாரிக்குப் போயின. இடம் அப்போது மட்டும் எப்படி வந்தது? விழுப்புரம் தாண்டிய பிறகுதான் மணி கண்ணயர்ந்தது.

வேதனைப்படும் விதத்தில் மிருகங்களைக் கொண்டுபோவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். வளர்த்ததைக் காரணமில்லாமல் கைவிட்டுப் போவதும் அப்படியே. எனக்கு அன்று இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, கொஞ்சம் யோசித்திருந்தாலே போதும்.

வீடு மாற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் நாய்க்கும் பூனைக்கும் இடம் ஒதுக்குங்கள், பிறகு பீரோவுக்கு. கிளம்பும் முன் வயிறு நிறையப் போடாதீர்கள். பழைய போர்வையைத் துவைக்காமல் கூடவே வையுங்கள். வீட்டு வாசனை இருக்கும். வழியில் நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள்.

மணி அதன்பின் மூன்று வருடம் இருந்தது. தெருவில் லாரி வந்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.